ஹாலோவீன் ராத்திரி: வீட்டு ஹால்லயே, காசு செலவில்லாம, பாட்டி முதல் குட்டி பசங்க வரைக்கும்

ஹாலோவீனுக்கு ஏதாவது பண்ணலாமான்னு பசங்க கேட்க ஆரம்பிச்ச உடனே பெங்களூர்ல பாதி வீட்ல ஆன்லைன்ல பிளாஸ்டிக் சிலந்தி, மண்டை ஓடு, ஆரஞ்சு கலர் பேனர்னு ஆர்டர் போட்டுடறாங்க, அது வந்து சேர்ந்து செவத்துல ஒட்டி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சதோட சரி, எட்டு மணிக்கெல்லாம் அவங்கவங்க போனை எடுத்துட்டு ஒரு மூலைல உக்காந்துடறாங்க. அலங்காரத்துக்கு காசு போடறது வேஸ்ட்டுங்கறது என் கட்சி. இருட்டா ஒரு ஹால், ஒரு டார்ச், நாலஞ்சு விளையாட்டு, கொறிக்க ஏதாவது, இவ்ளோ இருந்தா போதும்.

ஒண்ணே ஒண்ண மட்டும் முதல்லயே முடிவு பண்ணிடுங்க. பயத்தை நிறுத்தற சுவிட்ச் குழந்தைங்க கைல இருக்கணும். அதாவது டார்ச்ச பெரியவங்க வச்சுக்க கூடாது, இருக்கறதுலயே சின்ன குழந்தை எதுவோ அது கைல குடுத்துடணும், அது எப்ப வேணா ஆன் பண்ணலாம், ஆன் பண்ணா யாரும் "அய்யே பயந்தாங்கொள்ளி"ன்னு சொல்ல கூடாது. இந்த ஒரு ரூல் இருந்தா ஆறு வயசு வாண்டு கூட கடைசி வரைக்கும் உக்காந்து விளையாடும், இல்லாட்டி முதல் பத்து நிமிஷத்துலயே அழுது அம்மா மடில ஏறிடும், அப்புறம் ராத்திரி பூரா யாருக்கும் தூக்கம் கிடையாது.

இந்த 2026-ல அக்டோபர் 31 சனிக்கிழமை வருது, மறுநாள் ஞாயிறு, கன்னட ராஜ்யோத்சவம் வேற, தீபாவளி அடுத்த ஞாயித்துக்கிழமைதான். ஸ்கூல் இல்ல, ஆபீஸ் இல்ல, இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனா மொட்டை மாடில பண்ணலாம்னு மட்டும் பிளான் போடாதீங்க, அக்டோபர் கடைசில இங்க சாயங்காலம் மழை எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது. ஹால்தான் சேஃப்.

பெரியவங்க இருக்கற வீடுன்னா "பேய யாராச்சும் வீட்டுக்கு வா வான்னு கூப்பிடுவாங்களா, வெளக்கு வைக்கற நேரத்துல"ன்னு ஒரு எதிர்ப்பு கண்டிப்பா வரும். சண்டை போடாதீங்க, விஷயத்தை சொல்லுங்க. ஐரிஷ்காரங்க ஊர்ல அறுவடை முடிஞ்சு குளிர்காலம் ஆரம்பிக்கற சமயத்துல செத்துப்போனவங்க வீட்டுக்கு வந்துட்டு போவாங்கன்னு ஒரு நம்பிக்கை, அந்த பழைய பண்டிகைக்கு "சவின்" (Samhain)னு பேரு, அதுக்கு அப்புறம் சர்ச்ல நவம்பர் 1 எல்லா புனிதர்களுக்கும், நவம்பர் 2 இறந்தவங்களுக்கும்னு வச்சாங்க, அந்த நவம்பர் 1-க்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன், நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் கல்லறைக்கு போய் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்தறாங்களே கல்லறைத் திருநாள், அதே நவம்பர் 2 தான். இதை எங்க அத்தைகிட்ட சொன்னப்ப "அப்ப இது அவங்க ஊரு மஹாளய அமாவாசைன்னு சொல்லு, அதுக்கு எதுக்கு இவ்ளோ இழுக்கற"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. வீட்டு பாட்டிய எதிர்க்கட்சில உக்கார வைக்காம ஒரு முக்கியமான வேலை குடுத்துடுங்க, என்ன வேலைன்னு பின்னாடி சொல்றேன்.

ஆறரைக்கு ஆரம்பிச்சா ஒன்பதரைக்குள்ள முடிச்சுடலாம். வரிசை ரொம்ப முக்கியம்: முதல்ல ஓடி ஆடி கத்தற விளையாட்டு, நடுவுல பயம், அப்புறம் சாப்பாடு, அதுக்கப்புறம் உக்காந்து மூளைய யூஸ் பண்ற விளையாட்டு, கடைசில சும்மா சிரிச்சுட்டு தூங்க போற மாதிரி ஒண்ணு. பயத்தை கடைசில வச்சீங்கன்னா அன்னைக்கு எல்லாரும் ஒரே பெட்ல படுக்க ரெடியா இருங்க.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி, அகல் எதுவும் வேணாம், இருட்டுல துப்பட்டாவும் ஸ்கிரீன் துணியும் அலையற இடத்துல நெருப்பு நல்லதில்ல. டார்ச் வாய்ல சிவப்பு கண்ணாடி பேப்பர் ஒண்ண ரப்பர் பேண்ட் போட்டு கட்டுங்க, இல்லாட்டி போன் டார்ச்ச ஆன் பண்ணி மேல பாக்கற மாதிரி வச்சு அது மேல தண்ணி நிரப்பி மூடி இறுக்கின பாட்டில நிறுத்தி வைங்க, ஹால் பூரா மங்கலா ஒரு மாதிரி அலையற வெளிச்சம் வரும். தரைல இருக்கற ஒயர், மேட், குட்டி ஸ்டூல் எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க, ஃபேன் சத்தம் நின்னாலே வீடு வேற வீடு மாதிரி ஆயிடும், நிஜமா. அப்புறம் நம்ம ஊர் பேய்க்கு வெள்ளை பெட்ஷீட்ல ரெண்டு ஓட்டை எல்லாம் தேவையே இல்லைங்க, கொலுசு சத்தமும் மல்லிப்பூ வாசனையும் போதும். பீரோல கிடக்கற பழைய கொலுச எடுத்து ஒருத்தர் சட்டைப்பைல வச்சுக்கட்டும், யார்கிட்ட இருக்குன்னு மத்தவங்களுக்கு தெரிய கூடாது, எல்லாரும் அமைதியா இருக்கற நேரம் பாத்து லேசா ஒரு தடவை ஜல்லுன்னு அசைச்சா போதும். ரெண்டாயிரம் ரூபா பொம்மை பண்ணாததை இது பண்ணும்.

பூசணிக்காய் வேணும்னு பசங்க அடம் பிடிச்சா வாங்குங்க, தப்பில்ல. அயர்லாந்துல முதல்ல டர்னிப்ப குடைஞ்சுதான் விளக்கு பண்ணிட்டு இருந்தாங்க, அமெரிக்கா போனவங்க அங்க நிறைய கிடைச்ச பூசணிக்கு மாறிட்டாங்க. ஆனா அங்க இதுக்குன்னே விளையற பூசணி தோல் மெலிசா உள்ள வெத்தா இருக்கும், நம்ம கே.ஆர். மார்க்கெட்ல, ஹாப்காம்ஸ்ல கிடைக்கற மஞ்சள் பூசணி தோலு கெட்டி, சதையும் கெட்டி, கத்தி வழுக்கும். பெரியவங்கதான் வெட்டணும். என்னை கேட்டா வெட்டவே வேணாம், ஒரு வெள்ளை பூசணி வாங்கி திருஷ்டிக்கு வரையற மாதிரி முட்டைக் கண்ணு, முறுக்கு மீசை, கோரைப்பல்லுன்னு மார்க்கர்ல பசங்கள வரைய விடுங்க, கட்டிடம் கட்டற எடத்துலலாம் தொங்குதே அந்த மூஞ்சிதான். அமெரிக்க பூசணிய விட அது ரொம்ப கோவக்கார மூஞ்சி. மறுநாள் தோல் சீவிட்டு மோர்க்குழம்பு வச்சுக்கலாம்.

முதல் விளையாட்டு மம்மி. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஒருத்தர் நிக்கணும் இன்னொருத்தர் துணிய சுத்தணும், ரெண்டு நிமிஷத்துல யாரு மம்மி நல்லா இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. டிஷ்யூ ரோல் ரோலா வீணாக்காதீங்க, கிழிஞ்ச காட்டன் புடவை, தாத்தாவோட பழைய வேட்டிய நீளவாக்குல கிழிச்சு வச்சுக்கங்க. கழுத்துக்கும் மூஞ்சிக்கும் மட்டும் சுத்த கூடாது. தாத்தாவ மம்மி ஆக்குனா அன்னைக்கு ராத்திரி போட்டோ எல்லா ஃபேமிலி குரூப்லயும் போயிடும், அவருகிட்ட முன்னாடியே பர்மிஷன் வாங்கிடுங்க.

அடுத்தது தொங்கற கோடுபளே, அதான் கன்னடக்காரங்க செய்யற முறுக்கு மாதிரி வளையம். அயர்லாந்துல ஒரு குச்சில ஒரு பக்கம் ஆப்பிள், இன்னொரு பக்கம் எரியற மெழுகுவத்தி குத்தி மேலருந்து தொங்க விட்டு சுத்தி விடுவாங்களாம், கைய வைக்காம ஆப்பிள மட்டும் கடிக்கணும், மூஞ்சி கருகினா உங்க பாடு. நமக்கு அந்த வீரம் வேணாம். கோடுபளே நடுவுல ஓட்டையோட வளையமா இருக்கறதால நூல் கோக்க ரொம்ப வசதி, துணி காயப்போடற கொடிக்கயித்த ஹால் குறுக்க கட்டி ஆளுக்கு ஒண்ணா அவங்கவங்க வாய் உயரத்துக்கு தொங்க விடுங்க, கைய பின்னாடி கட்டிட்டு கடிச்சு முடிக்கணும். முழுசும் கீழ விழுந்தா அவுட்.

இப்ப லைட்ட அணைங்க. தொட்டுப்பாரு பெட்டி. பார்சல் வந்த அட்டைப்பெட்டில கை போற அளவு ஓட்டை போட்டு, அந்த ஓட்டைல பழைய ஸ்வெட்டர் கைய வெட்டி ஒட்டிடுங்க, உள்ள எட்டி பாக்க முடியாது. உள்ள ஒவ்வொரு கிண்ணமா மாத்தி மாத்தி வைக்கணும், ஒருத்தர் கதை சொல்லணும், பாட்டிக்கு வச்சிருந்த முக்கியமான வேலை இதான். "ஒரு ஊர்ல ஒரு கிழவி இருந்தா, புளியமரத்தடில"ன்னு அவங்க நிதானமா ஆரம்பிச்சு "இது அவ கண்ணு"ன்னு சொல்லும்போது குழந்தை கை தோல் உரிச்ச திராட்சை மேல படணும். கண்ணுக்கு திராட்சை, குடலுக்கு வேகவச்சு எண்ணெய் தடவி ஆறவச்ச சேமியா, மூளைக்கு தண்ணி தெளிச்ச இடியாப்பம், தலைமுடிக்கு தேங்கா நார், நாக்குக்கு வழவழன்னு ஊறவச்ச ஒரு பெரிய துண்டு பன்னீர். எல்லாத்தையும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு எடுங்க, சூடா இருந்தா சமையல்னு தெரிஞ்சுடும், ஜில்லுன்னு இருந்தாதான் உடம்பு சிலிர்க்கும். எங்க வீட்ல எல்லாத்தையும் விட ஜாஸ்தி கத்தல் வாங்கினது ஊறவச்ச ஜவ்வரிசிதான், கொழகொழன்னு விரலுக்கு நடுவுல ஒவ்வொண்ணா நழுவி போகும், என்னன்னே கண்டுபிடிக்க முடியாது, "தவளை முட்டை"ன்னு பாட்டி சொன்னா போதும். சரியா கண்டுபிடிச்சவங்களுக்கு பாயிண்ட். திராட்சைய குட்டி குழந்தைங்க முழுசா வாய்ல போட்டுக்காம பாத்துக்கங்க, அஞ்சு வயசுக்குள்ள இருந்தா தொண்டைல அடைச்சுக்கும், சாப்பிட குடுக்கணும்னா நீளவாக்குல நாலா வெட்டி குடுங்க.

இதுக்கு அப்புறம்தான் இந்த ஊருக்கே சொந்தமான விளையாட்டு. பெங்களூர்ல 90-கள்ல இருந்தவங்களுக்கு நாளே பா கதை தெரியாம இருக்காது. ராத்திரி ஒரு பேய் வந்து கதவ தட்டும், நமக்கு தெரிஞ்சவங்க குரல்லயே பேர் சொல்லி கூப்பிடும், தொறந்தா தீர்ந்தது. அதுக்காக ஜனங்க வாசக்கதவுல, செவத்துல கன்னடத்துல "நாளே பா"ன்னு எழுதி வச்சாங்க, நாளைக்கு வான்னு அர்த்தம், பேய் படிச்சுட்டு சரின்னு திரும்பி போயிடும், மறுநாள் வந்தாலும் அதேதான் எழுதியிருக்கும், திரும்பவும் போயிடும். எவ்ளோ மரியாதையான பேய் பாருங்க, எழுதப்படிக்க தெரிஞ்சு, சொன்னா கேட்டுட்டு போகுது.

விளையாட்டு இப்படி. ஒரு அட்டைல சாக்பீஸால நாளே பான்னு எழுதி பெட்ரூம் கதவுல மாட்டுங்க, கன்னடம் எழுத தெரிஞ்ச பசங்க இருந்தா கன்னடத்துலயே எழுதட்டும். ஒருத்தர் மட்டும் ரூம் உள்ள உக்காந்துக்கணும், அவர்தான் வீட்டுக்காரர். மீதி எல்லாரும் வெளிய. வெளிய இருக்கறவங்கள்ல ஒருத்தர் மூணு தடவை தட்டிட்டு குரலை மாத்தி "கதவ தொற கண்ணு, அம்மா வந்திருக்கேன்"னோ "அமேசான் பார்சல் மேடம்"னோ என்னத்தையாவது சொல்லணும். உள்ள இருக்கறவர் குரல வச்சு யாருன்னு பேர் சொல்லணும். சரியா சொல்லிட்டா கதவ தொறந்து அவர உள்ள இழுத்துக்கலாம், அவர் இனி வீட்டுக்காரர் கட்சி. தப்பா சொன்னா வெளிய இருக்கறவங்க எல்லாரும் ஒரே குரல்ல "ஊஊ"ன்னு கத்தணும், வீட்டுக்காரர் கட்சிக்கு ஒரு பாயிண்ட் போச்சு. சந்தேகமா இருந்தா "நாளே பா"ன்னு கத்திடலாம், அப்ப தட்டினவர் பின்னாடி போய் வேற ஆள் வரணும், ஆனா ஒரு ஆட்டத்துல மூணு தடவைதான் அத யூஸ் பண்ணலாம். இதுல பெரியவங்க குரல் மாத்தறதுல ரொம்ப மோசம், பசங்கதான் கெட்டிக்காரங்க, அப்பாவோட ஆபீஸ் கால் குரல அப்படியே எடுத்து விடுவாங்க, அதுல வெளிய வர்ற உண்மைகளுக்கு நான் பொறுப்பு இல்ல. உள்ள தனியா உக்கார பயப்படற குழந்தைக்கு துணைக்கு ஒருத்தர கூட அனுப்பலாம், துணை போறவர் பேச கூடாது.

சாப்பாட்டுக்கு பெருசா மெனக்கெட வேணாம். மினி இட்லில ரெண்டு மிளகு குத்தி தக்காளி சட்னி மேல உக்கார வச்சா அதுவே பேய். வெண்டைக்காய் ஃப்ரை சூனியக்காரி விரல். ஆனா ஒரு ஐட்டம் மட்டும் கண்டிப்பா பண்ணுங்க, அதுவும் ஒரு விளையாட்டுதான். அயர்லாந்துல ஹாலோவீனுக்கு பார்ம்பிராக்னு ஒரு பழ ரொட்டி சுடுவாங்க, உள்ள மோதிரம் ஒண்ண ஒளிச்சு வைப்பாங்க, யார் துண்டுல வருதோ அவங்களுக்கு கல்யாணம்னு. ரொட்டிக்குள்ள மோதிரம் எல்லாம் பல்லுக்கு ஆபத்து, நாம தேங்கா பூரணம் வச்ச கொழுக்கட்டை செய்யலாம், பத்துல ஒண்ணுல மட்டும் பூரணத்துக்கு பதிலா பச்சமிளகாய் தேங்கா தொகையல் வச்சு மூடிடுங்க. பெரியவங்களும் பெரிய பசங்களும் ஆளுக்கு ஒண்ணு எடுத்து ஒரே நேரத்துல வாய்ல போடணும், மிளகாய் வந்தவர் மூஞ்சில காட்டிக்காம மெல்லணும், மத்தவங்க யாருன்னு கண்டுபிடிக்கணும். என் கொழுந்தனார் எந்த கொழுக்கட்டை வந்தாலும் கண்ணுல தண்ணி வர மாதிரி நடிப்பாரு, மிளகாய் வந்தவங்க அவருக்கு பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. குட்டி பசங்களுக்கு தனி தட்டுல எல்லாமே வெல்லப்பூரணமா வச்சுடுங்க.

சாப்பிட்டு உக்காந்ததும் ஊருக்குள்ள பேய். இது மாஃபியான்னு எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டுதான், 1986 வாக்குல மாஸ்கோ யூனிவர்சிட்டில டிமிட்ரி டேவிடாஃப்ங்கற மாணவர் உருவாக்கினது, 1997-ல ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனுஷன் கதையா மாத்தினாரு. நாம ராஜா ராணி மந்திரி திருடன் போலீஸ் சீட்டு எழுதற மாதிரி எழுதிக்கலாம். எட்டு பேர்னா ரெண்டு சீட்டுல பேய், ஒண்ணுல குடுகுடுப்பைக்காரர், ஒண்ணுல வேப்பிலை பூசாரி, மீதி நாலும் ஊர்க்காரங்க. ஆறு பேர்னா ஒரு பேய் போதும். இது தவிர நாட்டாமை ஒருத்தர் வேணும், அவர் விளையாட மாட்டாரு, நடத்துவாரு. சீட்ட எடுத்து பாத்துட்டு யாரும் வெளிய சொல்ல கூடாது.

நாட்டாமை "ராத்திரி ஆச்சு, ஊரே தூங்குது"ன்னு சொன்னதும் எல்லாரும் கண்ண மூடி தொடைல லேசா தட்டிட்டே இருக்கணும், தட்டற சத்தத்துல யார் அசையறாங்கன்னு தெரியாது. பேய்ங்க மட்டும் கண்ண தொறந்து யார அடிக்கணும்னு சத்தமில்லாம கைய காட்டிட்டு கண்ண மூடிக்கணும். அப்புறம் பூசாரி தொறந்து யார காப்பாத்தறதுன்னு காட்டணும். அடுத்தது குடுகுடுப்பைக்காரர் ஒருத்தர காட்டினா அவர் பேயா இல்லையான்னு நாட்டாமை தலைய ஆட்டி சொல்லுவாரு. விடிஞ்சதும் நாட்டாமை "ராத்திரி இன்னார பேய் அடிச்சுடுச்சு"ன்னோ, பூசாரி சரியான ஆள காட்டியிருந்தா "பேய் வந்துச்சு, ஆனா வேப்பிலை காப்பாத்திடுச்சு"ன்னோ சொல்லணும். அப்புறம்தான் பஞ்சாயத்து, யார் மேல சந்தேகம்னு பேசி ஓட்டு போட்டு ஒருத்தர ஊர விட்டு தள்ளி வைக்கணும், போறவர் சீட்ட காட்டிட்டு போகணும். எல்லா பேயும் மாட்டினா ஊர் ஜெயிச்சது, மிச்சம் இருக்கற ஊர் ஆளுங்களும் பேயும் சம எண்ணிக்கை ஆயிட்டா பேய் ஜெயிச்சது.

பஞ்சாயத்துக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்க, நம்ம குடும்பங்கள்ல பழைய கணக்கெல்லாம் வெளிய வந்துடும், "போன பொங்கலுக்கே இவ இப்படித்தான் பொய் சொன்னா"ன்னு ஆரம்பிப்பாங்க. முதல் ரவுண்ட்லயே அவுட் ஆன குழந்தை மூஞ்சிய தூக்கி வச்சுக்கும் இல்லையா, அதுக்கு வேலை குடுங்க: செத்தவங்க எல்லாரும் இனி ஆவி, பேச கூடாது, ஆனா ராத்திரி நேரத்துல கொலுசு ஆட்டறது, தலைல ஊதறது, அரிசி டப்பாவ குலுக்கறது எல்லாம் அவங்க டிபார்ட்மென்ட். அப்புறம் பாருங்க, சீக்கிரம் சாகறதுக்கே போட்டி நடக்கும்.

கடைசில லைட்ட போட்டுட்டு ஹவுசி. இதுக்கு புதுசா எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல, மூணு வரிசை, பதினஞ்சு நம்பர், 1 லருந்து 90 வரைக்கும், டிக்கெட் கட்டு எல்லா ஸ்டேஷனரி கடைலயும் கிடைக்கும். 13 வந்தா எல்லாரும் ஊளையிடணும், கத்தாதவங்க ஒரு நம்பர அழிச்சுக்கற சான்ஸ் போச்சு, அந்த ஒரு மாத்தம் போதும். பரிசுக்கு காசு வேணாம், ஜெயிச்சவங்க மறுநாள் காலைல பாத்திரம் தேய்க்க வேண்டாம்னோ டிவி ரிமோட் ஒரு நாள் அவங்க கைலன்னோ வச்சுடுங்க, ஃபுல் ஹவுஸ்க்கு மட்டும் ஒரு மைசூர் பாக் டப்பா.

கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, "ஊஊ"ன்னு கத்தறது, கதவு தட்டறது எல்லாம் கேட்டா செக்யூரிட்டி மேல வந்துடுவாரு. இல்லாட்டி பேசாம அவங்களையும் கூப்பிட்டுடுங்க, ஊருக்குள்ள பேய் விளையாட எப்படியும் ரெண்டு பேரு குறைவாத்தான் இருப்பாங்க.